எதிரியின் பிள்ளைகள் ஏறிய கப்பல்



1960ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் வெளிவந்த ஒரு கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறேன். அதன் பெயரைத் தமிழில் ‘கோட்டன்ஹாஃபனின்மீது இரவு கவிந்தது’ என்று சொல்லலாம். இயக்கியவர் ஃபிராங்க் விஸ்பார். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில், முன்னேறி வந்த சோவியத் செம்படைக்கு அஞ்சிக் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து ஓடிவந்த மக்கள் ‘வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப்’ என்னும் கப்பலில் ஏறினார்கள். 1945 ஜனவரி 30ஆம் தேதி இரவு அக்கப்பல் பால்டிக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. படத்தின் கதை அதுவே. நம் வாலிபர் ஐக்கியத்தார் இதைத் திரையிட்டபோது எழுந்த ஒரு கேள்வி என்னை இன்னும் விடவில்லை. அன்று வர இயலாதவர்களும் அக்கேள்வியை அறிந்திருப்பது நலம்.

படம் என்ற அளவில் அது மாபெரும் படைப்பு அன்று. பெர்லினில் வானொலி நிலையத்தில் வேலை செய்யும் மரியா என்னும் இளம்பெண், போர்முனைக்குச் செல்லும் அவள் கணவன், அவளை விரும்பும் கடற்படை அதிகாரி என்று ஒரு முக்கோணக் கதை படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. கப்பல் வரும்போது நமக்குச் சற்றே பொறுமை குறைந்திருக்கும். ஆயினும் கப்பல் வந்தபின் படம் வேறொன்றாகிவிடுகிறது. துறைமுகத்தில் பனியில் நிற்கும் கூட்டம், கைக்குழந்தைகள், மூட்டைகள், கிழவர்கள்: இவற்றை விஸ்பார் அதிகம் பேசவிடாமல் காட்டுகிறார். அவர் பிறந்த ஊர் கிழக்குப் பிரஷ்யாவின் டில்சிட். 1930களின் பிற்பகுதியில், ஹிட்லரின் ஆட்சிக்காலத்திலேயே, அவர் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்றவர். 1950களில்தான் திரும்பி வந்தார். தன் நாட்டைத் துறந்து போன ஒருவர், திரும்பி வந்து, தன் சொந்த மண்ணின் மக்கள் அதே ஆட்சியின் முடிவில் எப்படி அழிந்தார்கள் என்று காட்டுகிறார். இதை அறிந்தபின் பார்த்தால் அக்காட்சிகளின் கனம் கூடுகிறது.

படம் சொல்லாமல் விட்ட சிலவற்றை நாம் அறிந்துகொள்ளவேண்டும். இல்லையெனில் நம்முடைய இரக்கம் குருட்டு இரக்கமாகிவிடும்.

கோட்டன்ஹாஃபன் என்பது அந்த ஊரின் உண்மைப் பெயரே அன்று. அது போலந்து நாட்டின் கிடீனியா. 1939இல் ஜெர்மானியப் படை அதைக் கைப்பற்றியபோது பெயரை மாற்றியது. அங்கே வாழ்ந்த போலந்து மக்களில் பல்லாயிரம் பேரைச் சில வாரங்களில் வீடுகளைவிட்டு வெளியேற்றியது. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் ஜெர்மானியர் குடியேற்றப்பட்டார்கள். ஆக, 1945இல் அகதிகள் கூடி நின்ற அந்தத் துறைமுகமே, ஐந்தாண்டுகளுக்கு முன் அகதிகளாக்கப்பட்டவர்களின் ஊர். கப்பலின் பெயரும் அப்படித்தான். ஸ்விட்சர்லாந்தில் நாஜிக் கட்சியின் தலைவராயிருந்து 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவருடைய பெயர் அது. 1937இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், உழைக்கும் ஜெர்மானியர்களை உல்லாசப் பயணம் அழைத்துச் செல்வதற்கென்று அந்த ஆட்சி தன் பெருமைக்காகக் கட்டியது. போர் தொடங்கியபின் சிறிது காலம் மருத்துவக் கப்பலாயிருந்தது. பின்பு நான்கு ஆண்டுகள் அதே துறைமுகத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களில் பயிற்சி பெறும் மாலுமிகளின் தங்குமிடமாக நின்றது.

அதில் ஏறியவர்கள் யார்? 1945 ஜனவரி நடுவில் செம்படையின் பெருந்தாக்குதல் தொடங்கியது. கிழக்குப் பிரஷ்யாவின் நாஜி ஆளுநர் எரிக் கோக், பொதுமக்கள் முன்கூட்டியே வெளியேறுவதைத் தடைசெய்திருந்தான். தோல்வியை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்பது காரணம். இறுதியில் மக்கள் தாங்களாகவே, கடுங்குளிரில், குதிரை வண்டிகளிலும் கால்நடையாகவும் புறப்பட்டார்கள். உறைந்துபோன கடற்காயலின் பனிப்பரப்பின்மேல் வண்டிகளை ஓட்டினார்கள். பனி உடைந்து வண்டியோடு அமிழ்ந்தவர்கள் பலர். ஆண்களில் பெரும்பாலோர் படையிலிருந்ததால் வந்தவர்கள் பெண்களும், பிள்ளைகளும், முதியோரும். கோக் பிற்பாடு தனக்கென்று ஒரு கப்பலை வைத்துக்கொண்டு தப்பிப்போனான்.

சுமார் 1,500 பயணிகளுக்கென்று கட்டப்பட்ட கப்பல் அது. பதிவேட்டில் ஏறிய பெயர்கள் ஏறத்தாழ 6,000. அதற்குப் பின்னும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள், எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கப்பலில் கணக்குப் பிரிவில் உதவியாளராயிருந்து பிழைத்த ஹைன்ஸ் ஷோன் என்பவர் பிற்காலத்தில் தம் வாழ்நாளெல்லாம் இதை ஆராய்ந்தார். ஏறியவர்கள் 10,500க்கும் மேல், இறந்தவர்கள் 9,300க்கும் மேல், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைகள் என்பது அவருடைய முடிவு. டைட்டானிக் கப்பலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். டைட்டானிக்கை அறியாத பிள்ளை நம் ஞாயிறு பள்ளியில் இல்லை. இந்தக் கப்பலின் பெயரை அன்று மன்றத்தில் இருந்தவர்களில் ஒருவர்தான் முன்பே கேள்விப்பட்டிருந்தார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுல் ஏறிய கப்பல் உடைகிற வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அங்கே லூக்கா ஒரு எண்ணை நிறுத்தி நிதானமாக எழுதிவைக்கிறார்: கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். கைதிகள், காவலர், மாலுமிகள் எல்லாரையும் சேர்த்த எண் அது. எதற்காக இந்தத் துல்லியம் என்று இறையியல் கல்லூரி நாட்களில் எங்களுக்குள் விளையாட்டாக விவாதித்ததுண்டு. குஸ்ட்லாஃப் கப்பலின் பதிவேடு பாதியில் நின்றதைப் படித்த அன்று அந்த எண் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. எண்ணப்படாதவர்கள் காணாமற்போனால் அவர்களைத் தேடுவதற்கு ஒரு பட்டியல்கூட இல்லை.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பலில் நான்கு தலைவர்கள் இருந்தார்கள். எந்த வழியில் போவது, எவ்வளவு வேகத்தில் போவது, வழிவிளக்குகளை ஏற்றுவதா அணைப்பதா என்று அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எதிரே தங்கள் பக்கத்துக் கண்ணிவாரிக் கப்பல்கள் வருவதாக ஒரு செய்தி கிடைக்கவே, மோதலுக்கு அஞ்சி விளக்குகளை ஏற்றினார்கள். அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 12ஆம் ஆண்டு நாள். அவனுடைய உரை கப்பலின் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின், அலெக்சாண்டர் மரினெஸ்கோ தலைமையிலிருந்த எஸ்-13 என்னும் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய மூன்று டார்ப்பிடோக்கள் தாக்கின. முதலாவது கப்பலின் முன்பகுதியில் வெடித்தது. நீர் பரவாதிருக்க அப்பகுதியின் கதவுகளை அடைத்தபோது, உயிர்காப்புப் படகுகளை இறக்கத் தெரிந்த மாலுமிகள் பலர் உள்ளேயே அடைபட்டார்கள். இரண்டாவது, நீர் வடிக்கப்பட்ட நீச்சல் குளத்தின் பக்கம் வெடித்தது. அங்கே கடற்படையின் உதவிப் பணியிலிருந்த சுமார் 370 இளம்பெண்கள் தங்கியிருந்தார்கள். மூன்றாவது இயந்திர அறையை அடித்தது. படகுகளைத் தாங்கும் கம்பிகள் பனியில் இறுகிக் கிடந்தன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கப்பல் முழுகிப்போயிற்று.

பிழைத்தவர்கள் சொன்னவற்றில் ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் இது வெறும் எண்ணாகிவிடும் என்பதால் எழுதுகிறேன். பெரியவர்களுக்குரிய மிதவை அங்கிகளைப் பிள்ளைகளுக்குக் கட்டியிருந்தார்கள். அவை சிறு உடல்களுக்குப் பொருந்தவில்லை. நீரில் விழுந்தபோது பிள்ளைகள் தலைகீழாகக் கவிழ்ந்தார்கள். கால்கள் மட்டும் நீருக்குமேல் தெரிந்தன.

கப்பலின் தலைவர்கள் நால்வரும் உயிர் பிழைத்தார்கள்.

படம் முடிந்து விளக்குகளைப் போட்டபோது சிலர் கண்ணீரோடிருந்தார்கள். வழக்கம்போல ஜெபித்து முடிப்போம் என்று நான் எழுந்தேன். அப்பொழுது நம் சபையின் மூத்தவர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், அந்தக் கப்பலை முன்பே அறிந்திருந்த ஒரே ஒருவர், பின்வரிசையிலிருந்து கையை உயர்த்தினார்.

“ஐயா, மன்னிக்கணும். நான் இதுக்கு ஆமென் சொல்ல மாட்டேன்.”

“சொல்லுங்க சார்.”

“அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற நாட்டின் கப்பல் இது. 1942 பிப்ரவரியில் ஸ்ட்ரூமான்னு ஒரு கப்பல் கருங்கடல்ல மூழ்கினது. ருமேனியாவிலிருந்து தப்பி வந்த யூதர் ஏறத்தாழ எண்ணூறு பேர். பாலஸ்தீனத்துக்கு பிரிட்டிஷார் அனுமதி கொடுக்கலை. துருக்கி கரையிறங்க விடலை. இயந்திரம் ஓடாத கப்பலை இழுத்துக்கொண்டுபோய் கடலில் விட்டாங்க. ஒரே ஒருத்தர்தான் பிழைச்சார். அதுவும் சோவியத் டார்ப்பிடோதான். அவங்களுக்கு யாரும் போக இடம் கொடுக்கலை. அவங்களைத் துரத்தினவங்களுடைய பிள்ளைகளுக்காக நாம அழணுமா?”

மன்றம் அமைதியாயிற்று. வாலிபர்களில் ஒருவர், “பிள்ளைகள் என்ன பாவம் செய்தாங்க, சார்?” என்றார். அதற்கு ஆசிரியர், “பாவம் செய்தாங்கன்னு நான் சொல்லலை தம்பி. முதல்ல யாருக்காக அழறதுன்னு ஒரு வரிசை இருக்கு, அதைத்தான் சொல்றேன்” என்றார்.

அவர் சொன்னது கடினமான உள்ளத்திலிருந்து வந்ததன்று. ஒரு கண்ணீர் இன்னொரு கண்ணீரைத் துடைத்துவிடுமோ என்னும் அச்சத்திலிருந்து வந்தது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. போருக்குப்பின் ஜெர்மனியில் சிலர் தங்கள் துயரத்தை முன்னே வைத்து, ‘நாங்களும்தானே பாடுபட்டோம்’ என்று சொல்லித் தங்கள் ஆட்சி செய்தவற்றை மறைக்கப் பார்த்தார்கள். நாம் பார்த்த படமும் அந்தச் சோதனையிலிருந்து முற்றிலும் தப்பவில்லை என்பது என் எண்ணம். போர் அதில் வானத்திலிருந்து விழுந்த ஒரு பேரிடரைப்போல் வருகிறது. யார் தொடங்கியது என்பது ஓரமாய் ஒதுங்கிவிடுகிறது.

அன்றிரவு நான் வீட்டுக்குப் போய், அந்தக் கடற்கரையில் அந்த நாட்களில் வேறு என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். அப்படித்தான் பால்ம்னிக்கன் என்னும் ஊரின் பெயர் கண்ணில் பட்டது.

கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகர் கோனிக்ஸ்பெர்க். அதைச் சுற்றியிருந்த வதைமுகாம்களில் அடைக்கப்பட்டிருந்த யூதர்களை, பெரும்பாலும் இளம்பெண்களை, எஸ்.எஸ். காவலர் அதே ஜனவரியின் கடைசி வாரத்தில் பனியில் நடத்திக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் விழுந்தவர்களைச் சுட்டார்கள். எஞ்சியவர்கள் ஏறத்தாழ 3,000 பேர் பால்ம்னிக்கனை வந்தடைந்தார்கள். அங்கே அம்பர் என்னும் மஞ்சள் நிறப் பிசின்கல்லைத் தோண்டும் சுரங்கம் ஒன்று இருந்தது. அதற்குள் அவர்களை அடைத்துவிடுவது காவலரின் திட்டம். அவ்வூரில் உள்ளூர்க் காவற்படைக்குப் பொறுப்பாயிருந்த ஹான்ஸ் ஃபையராபெண்ட் என்னும் முதியவர் அதற்கு இணங்கவில்லை. கைதிகளுக்கு உணவு சமைக்கச் செய்தார். தாம் உயிரோடிருக்கும்வரை இங்கே கொலை நடக்காது என்று நின்றார். அவரை அவருடைய ஆட்களோடு போர்முனைக்குப் போகும்படி உத்தரவிட்டு அப்புறப்படுத்தினார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. ஜனவரி 31ஆம் தேதி இரவு கைதிகளைக் கடற்கரைக்கு நடத்தி, உறைந்த கடலுக்குள் விரட்டிச் சுட்டார்கள். பிழைத்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் மூன்று பெண்களை அவ்வூரின் ஒரு ஜெர்மானியத் தம்பதியர் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஜனவரி 30 இரவு அந்தக் கப்பல். ஜனவரி 31 இரவு இந்தக் கடற்கரை. ஒரே கடல், அடுத்தடுத்த இரவுகள். மேற்கே குஸ்ட்லாஃப் கப்பலில் இறந்தவர்களின் உடல்கள் அலையில் மிதந்துகொண்டிருக்கும்போதே, கிழக்கே இப்பெண்கள் அதே நீருக்குள் துரத்தப்பட்டார்கள்.

யோனாவின் புத்தகத்தை நாம் ஒரு மீன் கதையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டோம். அதன் கூர்மை நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. நினிவே சாதாரண ஊரன்று. அசீரியர்கள் தங்கள் கொடுமைகளை மறைக்கவில்லை. பிடிபட்டவர்களைத் தோலுரித்ததையும் கழுவில் ஏற்றியதையும் தங்கள் அரண்மனைச் சுவர்களிலேயே செதுக்கி வைத்தார்கள். அந்தச் சிற்பங்களை இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். வடக்கு இஸ்ரவேல் இராஜ்யத்தை அழித்தவர்களும் அவர்களே. ஆகவே யோனாவின் கோபத்தை அற்பமென்று தள்ளாதிருங்கள். அவன் நம் ஆசிரியரைப்போலவே வரலாறு அறிந்தவன். அந்த ஊர் தப்பிப்போனதைக் கண்டு அவன் சாகவே விரும்பினான். அவனிடம் கர்த்தர் நினிவேயின் குற்றத்தைக் குறைத்துப் பேசவில்லை, கவனித்தீர்களா? நீ நினைப்பதுபோல் அவர்கள் அவ்வளவு கெட்டவர்கள் அல்ல என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. வலக்கை எது இடக்கை எது என்று தெரியாதவர்கள் அங்கே எத்தனை பேர் என்று ஒரு எண்ணைச் சொல்கிறார்: இலட்சத்து இருபதினாயிரம். கூடவே மிருகஜீவன்களையும் சேர்த்துக்கொள்கிறார். லூக்காவின் 276ஐப்போல இதுவும் எண்ணியவர் ஒருவர் இருக்கிறார் என்று காட்டுகிற எண்.

அதே வேதத்தில், யோனாவுக்குச் சில பக்கங்கள் தள்ளி, நாகூமின் புத்தகம் இருக்கிறது. அது முழுவதும் அதே நினிவேயின்மேல் வரும் நியாயத்தீர்ப்பு. நினிவே விழுந்த செய்தியைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கைகொட்டுவார்கள் என்னும் கருத்தோடு அப்புத்தகம் முடிகிறது. சிறு பிள்ளைகள் மோதியடிக்கப்படும் கொடுமையும் அங்கே மறைக்கப்படாமல் சொல்லப்படுகிறது. திருச்சபை யோனாவை வைத்துக்கொண்டு நாகூமை எடுத்துப்போடவில்லை. நாகூமை வைத்துக்கொண்டு யோனாவை எடுத்துப்போடவுமில்லை. ஆசிரியர் நாகூமின் பக்கம் நின்று பேசினார். அந்த வாலிபர் யோனாவின் கடைசி அதிகாரத்தில் நின்று பேசினார். இருவரையும் ஒரே மன்றத்தில் உட்காரவைத்திருக்கிறது வேதம்.

யூத ரபிமார்களின் தல்மூதில் ஒரு மரபு உண்டு. செங்கடலில் எகிப்தியர் அமிழ்ந்தபோது தேவதூதர்கள் பாடத் தொடங்கினார்களாம். தம் கையின் படைப்பு கடலில் மூழ்கிக்கொண்டிருக்க நீங்கள் பாடுவதா என்று தேவன் அவர்களைத் தடுத்தாராம். எகிப்தியர் யார்? எபிரேயக் குழந்தைகளை நதியில் எறிந்தவர்கள். இதைச் சொன்னவர்கள் அந்தக் குழந்தைகளின் வம்சத்தார். வேறு எவராவது சொல்லியிருந்தால் அது எளிய உபதேசமாகியிருக்கும்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். குஸ்ட்லாஃப் மூழ்கிய நாள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாள் மட்டுமன்று; யார் பெயரால் அக்கப்பல் அழைக்கப்பட்டதோ அவருடைய பிறந்தநாளும் அதுவே. இதை எடுத்துக்காட்டித் தேவநீதியின் கணக்குத் தவறாது என்று முடிக்கிற பிரசங்கம் ஒன்றை எவரும் எளிதில் செய்துவிடலாம். அப்படிப்பட்ட பிரசங்கத்தை நம் ஆலயத்தில் செய்ய நான் எவருக்கும் இடம்கொடேன். சீலோவாமின் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, எருசலேமில் மற்றெல்லாரையும்விட அவர்கள்தான் குற்றவாளிகளா என்று கேட்டவர் நம் ஆண்டவர்; இல்லை என்று பதிலும் சொன்னவர். கவிழ்ந்து மிதந்த அந்தக் கால்களைப் பார்த்து நாட்காட்டியைப் புரட்டுகிறவன் பக்திமானாயிருக்கமாட்டான்.

சட்டம் வேறு கேள்வி. கப்பல் சாம்பல் நிறம் பூசப்பட்டிருந்தது. மருத்துவக் கப்பலுக்குரிய அடையாளம் இல்லை. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இருந்தன. கடற்படைப் பயிற்சி மாலுமிகள் 900க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். போர்விதிப்படி அது தாக்கத்தக்க இலக்கு என்றே பல வரலாற்றாசிரியர் சொல்கிறார்கள். மரினெஸ்கோவுக்கு அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல், சோவியத் நாட்டின் உயர்ந்த வீர விருது அளிக்கப்பட்டது. சட்டம் ‘குற்றமில்லை’ என்று சொல்லும் இடத்தில் துக்கமும் முடிந்துவிடுகிறதென்று எண்ணலாகாது.

அப்படியானால் ஆசிரியர் கேட்ட வரிசை? ஒரு வரிசை உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது யாருக்காக முதலில் அழுவது என்பதன் வரிசையன்று. 1945 அக்டோபரில், ஜெர்மானியப் புராட்டஸ்டண்டுத் திருச்சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரில் கூடி, தங்கள் மக்களால் பல தேசங்களுக்கு அளவிறந்த துன்பம் நேர்ந்ததை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அறிக்கை செய்தவர்களில் ஒருவர் மார்ட்டின் நீமோலர். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவராயிருந்து, பின்பு போதகராகி, ஹிட்லரின் வதைமுகாமில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டவர். அந்த மாதத்தில் கிழக்கிலிருந்து அகதிகள் இன்னும் கூட்டங்கூட்டமாய் வந்துகொண்டிருந்தார்கள். சபைகளில் பலர் கொதித்தெழுந்தார்கள்: எங்கள் வீடு போயிற்று, எங்கள் பிள்ளைகள் கடலில் போனார்கள், எங்களையா பாவ அறிக்கை செய்யச் சொல்கிறீர்கள் என்றார்கள். அவர்களுடைய துக்கம் பொய்யன்று. ஆனால் அத்துக்கத்தைக் கணக்கேட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதிக் கடனைத் தீர்த்துக்கொள்ள முயன்றார்கள். நம் பிள்ளைகளின் சாவைக் காட்டி நாம் செய்ததை அழிப்பதும், அவர்கள் செய்ததைக் காட்டி அவர்கள் பிள்ளைகளின் சாவை அழிப்பதும் ஒரே கணக்கேட்டின் இரண்டு பக்கங்கள்தான். இறந்தவர்கள் இரண்டிலும் வெறும் தொகையாகிவிடுகிறார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, 2002இல், டான்சிக் நகரில் பிறந்த எழுத்தாளர் கூந்தர் கிராஸ் இக்கப்பலைப் பற்றி ஒரு சிறு நாவல் எழுதினார். ‘நண்டு நடை’ என்பது அதன் பெயரின் பொருள். நாஜிக் கொடுமைகளை வெளிப்படையாகப் பேசிவந்த தம் தலைமுறை, இந்த அகதிகளின் துயரைப் பேசக் கூசி மௌனமாயிருந்துவிட்டது என்பதும், அந்த மௌனத்தில் அக்கதையை வெறுப்பைப் போதிக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அதன் மையக் கவலை. அதைப் படித்தபின் ஆசிரியரிடம் நான் சொன்னது இதுதான்: சார், இந்தப் பிள்ளைகளுக்காக ஸ்ட்ரூமாவை நினைவில் வைத்திருக்கிற நீங்கள் அழாவிட்டால், ஸ்ட்ரூமாவை மறைக்க விரும்புகிறவன் வந்து அழுவான். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “யோசிக்கிறேன், ஐயா” என்றார். அவர் வார்த்தை தவறுகிறவர் அல்லர், யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

வருகிற ஞாயிறு மன்றாட்டு வேளையில் ஸ்ட்ரூமாவின் பயணிகளையும், குஸ்ட்லாஃப் கப்பலில் போனவர்களையும், பால்ம்னிக்கன் கரையில் கொல்லப்பட்டவர்களையும், அந்தந்தத் தேதிகளோடு, ஒன்றன்பின் ஒன்றாக நினைவுகூருவோம். இடையில் ‘ஆனாலும்’ என்ற சொல் வராது. ஆமென் சொல்ல மனமில்லாதவர்கள் மௌனமாயிருக்கலாம். அவர்களுடைய மௌனத்தையும் கர்த்தர் அறிவார்.

மீட்பைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். டி-36 என்னும் சிறு போர்க்கப்பல் நீரிலிருந்து ஏறத்தாழ 560 பேரைத் தூக்கியெடுத்தது. அதே நீர்மூழ்கி இன்னும் அருகில் இருக்கிறது என்று தெரிந்தே இயந்திரத்தை நிறுத்தி நின்றது. பின்பு தாக்குதலுக்குத் தப்ப, இன்னும் நீரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு விலகவேண்டியதாயிற்று. பல மணி நேரம் கழித்து ஒரு சிறு ரோந்துப் படகு அவ்விடத்துக்கு வந்தது. எங்கும் உறைந்த உடல்கள். ஓர் உயிர்காப்புப் படகில் இறந்தவர்களே கிடந்தார்கள். மாலுமி ஒருவர் அதற்குள் இறங்கித் துழாவினார். கம்பளியில் இறுகச் சுற்றப்பட்ட ஒரு கைக்குழந்தை, நீலம் பாரித்து, ஆனால் மூச்சோடு, அங்கே கிடந்தது. யார் பிள்ளை என்று சொல்ல அப்படகில் ஒருவரும் உயிரோடு இல்லை. அம்மாலுமி அதைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய், தம் மகனாக வளர்த்தார்.